மண்ணின் மேல் மண்: குறைந்த சூட்டில் சுடும் பாண்டங்களுக்கு ஸ்லிப் கரைப்பதும் பூசுவதும்

முதன்முதலாக நான் ஸ்லிப் என்ற களிமண் குழம்பு வாளிக்குள் முக்கி எடுத்த கிண்ணம் முழுதாக வெளியே வரவில்லை. அடிப்பாகம் கையில் இருந்தது, விளிம்பு வாளிக்குள் போய்விட்டது. கலவையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அடுத்தடுத்து மூன்று கலவைகளை மாற்றிப் பார்த்தேன். உண்மையில் நடந்தது வேறு. முதல் நாள் இரவு கிண்ணத்தை மூடாமல் விட்டிருந்தேன், விளிம்பு காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. காய்ந்த மண் தண்ணீரைக் கண்டால் கரையத்தானே செய்யும்?

ஸ்லிப் பழகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “நல்ல கலவை ஒன்று சொல்லுங்களேன்” என்பதைத்தான். கலவை சொல்கிறேன். ஆனால் பானை எந்தப் பதத்தில் இருக்கும்போது பூசுகிறோம் என்பது சரியாக அமைந்தால் சுமாரான கலவைகூட ஒட்டிக்கொள்ளும். பதம் தப்பினால் எவ்வளவு பேர்பெற்ற கலவையும் உரிந்து விழும். அதனால் கீழே பதத்தைப் பற்றிய பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஸ்லிப் என்பது என்ன

தண்ணீரில் கரைத்து, சலித்து, ஒரே சீராக்கிய களிமண் குழம்புதான் ஸ்லிப். அதில் நிறம் தரும் ஆக்சைடு சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். அச்சில் ஊற்றி உருவம் எடுக்கும் வார்ப்பு ஸ்லிப் வேறு வகை, அதை இங்கே பேசப்போவதில்லை. பெயிண்டுக்கும் ஸ்லிப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம், ஸ்லிப்பும் பானையைப் போலவே சுருங்கும் என்பது. பல களிமண்கள் ஈரத்திலிருந்து காய்வதற்குள்ளேயே நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை சுருங்கிவிடுகின்றன. பானையும் மேலே இருக்கும் பூச்சும் சேர்ந்து சுருங்கினால் பிரச்சினை இல்லை. பூச்சு முந்திக்கொண்டால் விரிசல், பானை முந்திக்கொண்டால் உரிசல்.

எங்கோப் என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். சிலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள். பொதுவாக, களிமண்ணைக் குறைத்து ஃபிரிட் என்ற கண்ணாடித் தூள், சிலிக்கா போன்றவற்றைக் கூட்டி, சுருக்கம் குறைவாக இருக்கும்படி செய்த கலவைக்கு எங்கோப் என்று பெயர். காய்ந்த பானைமேலும், ஒருமுறை சுட்ட பானைமேலும் அதைப் பூசலாம்.

இங்கே குறைந்த சூடு என்று சொல்வது கோன் (சூளைச் சூட்டைக் குறிக்கும் அளவு) 06 முதல் 03 வரை, அதாவது ஏறக்குறைய 1000 முதல் 1090 டிகிரி செல்சியஸ் வரை. இந்தச் சூட்டில் சாதாரண களிமண் இறுகும், ஆனால் கண்ணாடிபோல் உருகாது. தண்ணீரை உறிஞ்சும் தன்மை அதில் மிச்சம் இருக்கும். மேலே பூசிய ஸ்லிப்பும் அப்படித்தான். உயர்ந்த சூட்டில் பானையும் பூச்சும் தாமாகவே ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்த வசதி கிடைக்காது. கலவையில் கொஞ்சம் ஃபிரிட் சேர்ப்பது அதற்காகத்தான்.

எந்த மண்ணை எடுப்பது

எளிய வழி, பானை செய்த அதே மண்ணைக் கரைப்பது. சுருக்கம் தானாகவே பொருந்திவிடும். வெள்ளை மண்ணில் வனைகிறவர்களுக்கு இதுவே போதும், அதே மண்ணில் ஆக்சைடைக் கலந்து எந்த நிறத்துக்கும் போகலாம்.

சிவப்பு மண்ணில் வனைகிறவர்களுக்கு இந்த வழி பாதிதான் உதவும். சிவப்பு மண்ணில் ஏற்கெனவே இரும்பு இருக்கிறது, அதை என்ன செய்தாலும் வெள்ளையாக்க முடியாது. கறுப்பு, கரும்பழுப்பு வேண்டுமானால் அதே மண்ணில் செய்துகொள்ளலாம். நீலம், பச்சை, மஞ்சள் துலங்க வேண்டுமானால் அடியில் ஒரு வெள்ளை ஸ்லிப் வேண்டும். பரிசோதிக்கத் தொடங்க இந்த அளவு சரியாக இருக்கும், எல்லாம் காய்ந்த எடையில்: பால் கிளே 40, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் 20, ஃபிரிட் 20, சிலிக்கா 15, ஜிர்கோனியம் சிலிகேட் 5. (பெயரில் பால் இருந்தாலும் பால் கிளேவுக்கும் பாலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது நன்றாக ஒட்டும் தன்மையுள்ள, வெளிறிச் சுடும் ஒரு களிமண்.)

ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், பிறகு நீங்களே கூட்டிக் குறைக்கலாம். பால் கிளே பிசுபிசுப்பைத் தருகிறது, சுடாத பச்சைப் பானையில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். ஆனால் அது அதிகம் சுருங்கும். கயோலின் அதைவிடக் குறைவாகச் சுருங்கும், வெள்ளையாகவும் சுடும். ஃபிரிட் என்பது உருக்கி அரைத்த கண்ணாடித் தூள், சூளைக்குள் அது இளகிப் பூச்சைப் பானையோடு பிடித்து வைக்கும். சிலிக்கா கலவைக்கு உடம்பு கொடுக்கும். ஜிர்கோனியம் அடியில் உள்ள சிவப்பு தெரியாமல் மறைக்கும். உங்கள் மண்ணுக்கு இந்த அளவு அப்படியே பொருந்திவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 500 கிராம் மட்டும் செய்து, நாலு சிறு ஓடுகளில் பூசிச் சுட்டுப் பாருங்கள். வாளி நிறையக் கரைப்பது அதற்கு அப்புறம்.

கரைப்பது

கரைப்பதற்கு மண் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பாதி இருக்கும் மண் உருண்டையைத் தண்ணீரில் போட்டால் நாலு நாள் ஆனாலும் உருண்டையாகவே கிடக்கும். சருகாகக் காய்ந்த துண்டைப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் மெல்லிய சீறலோடு குமிழிகள் வரும். மண் துகள்களுக்கு இடையே இருந்த காற்றை உள்ளே நுழையும் தண்ணீர் வெளியே தள்ளுகிறது. ஓரங்கள் ஏடு ஏடாகப் பிரிந்து சரியும், சில நிமிடங்களில் துண்டு இருந்த இடத்தில் ஒரு சிறு மண்மேடுதான் இருக்கும். என் கிண்ணத்தின் விளிம்புக்கு நடந்ததும் இதேதான்.

எனவே மீந்த மண்ணை மெல்லிய வில்லைகளாகக் காயவைத்து, துணிக்குள் சுற்றிச் சுத்தியலால் தட்டித் துண்டுகளாக்குங்கள். துணி தூசியை அடக்கும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு மண். மாற்றிச் செய்தால் அடியில் காய்ந்த கட்டிகள் தங்கிவிடும். 1 கிலோ காய்ந்த மண்ணுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் என்று தொடங்கலாம். போட்டதும் கிளறத் தோன்றும், கிளறாதீர்கள். கிளறினால் வெளிப்புறம் சேறாகி உள்ளே தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

மறுநாள் கையாலோ கலக்கியாலோ நன்றாகக் கலந்து, 80 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 80 கண்கள்) சல்லடையில் வடிகட்டுங்கள். நுனி மெல்லிய குப்பியில் ஊற்றிக் கோடு போடப்போகிறீர்கள் என்றால் 100 அல்லது 120 மெஷ். சல்லடையில் தங்கும் கரகரப்பை விரலால் தேய்த்துத் தள்ளாதீர்கள், தூரிகையால் மெதுவாகச் சுற்றினால் போதும். இரண்டு முறை சலிப்பது எனக்கு எப்போதும் சலிப்பான வேலைதான், ஆனால் கோடு போடும்போது நடுவில் நுனி அடைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காய்ந்த களிமண்ணிலும் சிலிக்காவிலும் உள்ள நுண்தூசி நுரையீரலில் தங்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் சிலிகோசிஸ் என்ற தீராத நோயைக் கொண்டுவரும். தூளைக் கையாளும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். மாங்கனீசு, கோபால்ட், குரோமியம், தாமிர ஆக்சைடுகளைத் தொடும்போது கையுறை வேண்டும்.

நிறம் சேர்ப்பது

காய்ந்த மண்ணின் எடையில் நூற்றுக்கு எவ்வளவு என்றே எப்போதும் கணக்கிடுவது வழக்கம். சிவப்பு இரும்பு ஆக்சைடு 3 முதல் 10 வரை: இளம் பழுப்பிலிருந்து அடர்ந்த செம்பழுப்பு. கோபால்ட் கார்பனேட் 1 முதல் 3 வரை: நீலம். கோபால்ட் ஆக்சைடாக இருந்தால் அதைவிடக் குறைவு போதும், கை தாராளமானால் நீலம் கறுப்பாகிவிடும். தாமிர கார்பனேட் 3 முதல் 5 வரை: பச்சை. குரோமியம் ஆக்சைடு 1 முதல் 3 வரை: இலை காய்ந்தாற்போன்ற மங்கல் பச்சை. கறுப்புக்கு இரும்பு, மாங்கனீசு, கொஞ்சம் கோபால்ட் மூன்றையும் சிவப்பு மண் ஸ்லிப்பில் கலப்பது பழைய வழி. இளஞ்சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு போன்றவற்றை ஆக்சைடால் கொண்டுவருவது வீண் வேலை. சுட்டு அரைத்து விற்கும் ஸ்டெயின் என்ற நிறப்பொடிகளை 5 முதல் 15 வரை சேர்ப்பதே நல்லது.

ஆக்சைடை அப்படியே வாளியில் கொட்டினால் புள்ளி புள்ளியாக நிற்கும், கோபால்ட் இதில் மிக மோசம். முதலில் சிறு கிண்ணத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கொஞ்சம் ஸ்லிப்பில் கலந்து, பிறகு முழுதோடும் சேர்த்துச் சலியுங்கள்.

ஏற்கெனவே கரைத்து வைத்த ஸ்லிப்பில் எவ்வளவு காய்ந்த மண் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? காயவைத்து நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலையை 1800 முதல் 1847 வரை நடத்திய அலெக்சாந்த்ர் பிரோன்யார் என்பவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது. 100 மில்லி ஸ்லிப்பை நிறுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 100-ஐக் கழித்து, மிச்சத்தை 1.625-ஆல் பெருக்குங்கள். களிமண்ணின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.6 மடங்கு என்பதிலிருந்து வரும் எண் அது. உதாரணமாக 100 மில்லி 145 கிராம் இருந்தால், 45 பெருக்கல் 1.625, அதாவது ஏறக்குறைய 73 கிராம் காய்ந்த மண். ஒரு லிட்டரில் 730 கிராம். 5 சதவீத நிறம் வேண்டுமானால் லிட்டருக்கு 36.5 கிராம் ஆக்சைடு. சமையலறைத் தராசும் அளவுக் குவளையும் இருந்தால் போதும். இந்தக் கணக்கு தெரிவதற்கு முன் நான் கண்ணளவில் போட்ட நீலங்கள் எதையும் இரண்டாம் முறை கொண்டுவர முடிந்ததில்லை.

கெட்டி எவ்வளவு

அதே 100 மில்லி எடைதான் இதற்கும் அளவுகோல். முக்கவும் ஊற்றவும் 135 முதல் 145 கிராம் வரை. தூரிகைக்கு 145 பக்கம். குப்பியால் கோடு போட 150 அல்லது கொஞ்சம் மேலே. தராசு இல்லாதபோது விரலை முக்கி எடுங்கள். நகத்தின் ஓரம் பூச்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தால் முக்குவதற்குச் சரி. ரேகை, நகம் எதுவும் தெரியாமல் கையுறை போட்டது போல மூடினால் கோட்டுக்குச் சரி.

எடை சரியாக இருந்தும் ஸ்லிப் பானையில் நிற்காமல் வழிந்தோடலாம், அல்லது தண்ணீர் போதுமான அளவு இருந்தும் கட்டிபோல் நிற்கலாம். அங்கே தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது தீர்வாகாது. மண் துகள்கள் ஒன்றையொன்று ஈர்க்கின்றனவா விலக்குகின்றனவா என்பதுதான் அங்கே பிரச்சினை. வழிந்தோடும் ஸ்லிப்பில், வெந்நீரில் கரைத்த எப்சம் உப்பை லிட்டருக்குச் சில சொட்டு விட்டுக் கலக்குங்கள். துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு குழம்பு உடனே தடிக்கும், பூசிய இடத்தில் நிற்கும். எதிர்த்திசையில் போக சோடியம் சிலிகேட், காய்ந்த எடையில் 0.3 சதவீதம் அளவில். தண்ணீர் சேர்க்காமலே குழம்பு இளகும். இதன் லாபம் என்னவென்றால் தண்ணீர் குறைவான ஸ்லிப் குறைவாகச் சுருங்கும், பானையையும் அதிகம் நனைக்காது. இரண்டையும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அளவு மீறினால் சோடியம் சிலிகேட்டும் திருப்பிக்கொண்டு குழம்பைக் கெட்டியாக்கிவிடும்.

பதம்

தோல் பதம் என்று குயவுத் தொழிலில் சொல்வது, பானை தன் உருவத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகி, ஆனால் இன்னும் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள நிலை. அதற்குள்ளேயே மூன்று படிகள் இருக்கின்றன, கையால் பழகினால்தான் பிடிபடும்.

மென்பதம்: விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் விரலில் மண் ஒட்டாது. நிறம் அடர்ந்து, மேற்பரப்பில் மங்கல் பளபளப்பு இருக்கும். கோடு போடவும், கெட்டியான பூச்சுகளுக்கும் இது நல்ல நேரம், ஏனென்றால் பானைக்கு இன்னும் சுருங்க வேண்டியது நிறைய இருக்கிறது. பானையை முக்கினால் மட்டும் தளர்ந்துவிடும்.

நடுப்பதம்: நகத்தால் கீறினால் சுத்தமான கோடு விழும், பிசிறு தூளாகாமல் சுருள் சுருளாக வரும். கையில் எடுத்தால் வளையாது. முக்குவதற்கும் ஊற்றுவதற்கும் இதுதான் காலம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும்.

கடும்பதம்: நிறம் வெளுக்கத் தொடங்கியிருக்கும், முதலில் விளிம்பில், பிறகு கைப்பிடியில். கீறினால் தூள் வரும். இந்த நிலையில் ஸ்லிப்பைப் பூசினால் பூச்சு மட்டும் சுருங்கும், பானை அசையாமல் நிற்கும். அன்றைக்கே தெரியாது. சூளையிலிருந்து எடுத்த பிறகு விளிம்பில் நகம் பட்டால் செதில் செதிலாக வரும்.

ஒரே பானையில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கும், அதுதான் தொல்லை. அடி மென்பதத்தில் இருக்கும்போது விளிம்பு கடும்பதத்துக்குப் போய்விடும். இதற்கு மருந்து, ஸ்லிப் பூசுவதற்கு முந்தின நாள் இரவு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைப்பது. ஈரம் உள்ளேயே பரவி விளிம்பும் அடியும் சமமாகும். காலையில் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கும். விளிம்பு லேசாக வெளுத்திருந்தால் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி மீண்டும் ஒரு மணி நேரம் மூடுங்கள். முழுக்க வெளுத்துவிட்டால் இந்த வைத்தியம் உதவாது. அந்தப் பானையை அப்படியே சுட்டுவிட்டு, பிறகு எங்கோப் பூசிக்கொள்ளுங்கள்.

உள்ளும் புறமும் பூச வேண்டுமா? முதலில் உள்ளே ஊற்றிச் சுழற்றி வடித்துவிடுங்கள். பளபளப்பு போய், தொட்டால் விரலில் ஒட்டாத வரை காத்திருங்கள். ஒரு மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம், அன்றைய காற்றைப் பொறுத்தது. பிறகு வெளிப்புறம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் சுவர் இரண்டு பக்கமும் தண்ணீர் குடித்துத் தளர்ந்து உட்கார்ந்துவிடும். கைப்பிடி ஒட்டிய குவளைகளில் இன்னும் நிதானம் வேண்டும். ஒட்டிய இடம் எப்போதும் பலவீனமானது, அங்கே ஸ்லிப் தேங்கினால் காயும்போது பிளக்கும். தேங்கியதைத் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பூசும் வழிகள்

முக்குவதில் நுணுக்கம் அதிகம் இல்லை: அடியைப் பிடித்து, நேராக உள்ளே விட்டு, மூன்று எண்ணி, ஒரு சுழற்றில் எடுத்து, கடைசிச் சொட்டை விளிம்பில் தட்டி உதிர்க்க வேண்டும். எண்ணுவது முக்கியம், ஏனென்றால் நேரம் கூடக் கூட பூச்சும் தடிக்கும், பானையும் நனையும்.

தூரிகையில் ஒரே பூச்சில் மூடிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. மென்மையான, ஸ்லிப்பை நிறையத் தாங்கும் அகலத் தூரிகையை எடுத்து, தேய்க்காமல் வழியவிட்டு இழுங்கள். முதல் பூச்சின் பளபளப்பு மறைந்ததும் குறுக்குத் திசையில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. சிவப்பு மண்மேல் வெள்ளைக்கு மூன்று பூச்சு கட்டாயம் வேண்டும். ஈரத்தில் பளிச்சென்று தெரிகிற வெள்ளை, மேலே கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடியாகும் மேற்பூச்சு) உருகியதும் பாதி ஊடுருவித் தெரியும். தூரிகைத் தடங்கள் தெரிய வேண்டும் என்றே கரடுமுரடான வைக்கோல் தூரிகையால் ஒரே சுழற்றில் பூசும் முறையும் உண்டு. ஜப்பானில் அதை ஹகேமே என்பார்கள்.

குப்பியால் கோடு போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை, எல்லாரையும் படுத்துவதும் அதுதான். ரப்பர் குமிழில் ஸ்லிப்பை நிரப்பி, நுனியை மேலே பிடித்து உள்ளிருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிவிடுங்கள். காற்றுக் குமிழி ஒன்று தங்கினாலும் கோட்டின் நடுவில் ‘பட்’ என்று தெறித்து அரை மணி நேர வேலையைக் கெடுக்கும். நுனி பானையைத் தொடக் கூடாது, ஓர் அரிசி அகலம் மேலே நிற்க வேண்டும். அழுத்தம் மாறாமல் கை நகர வேண்டும். விரலை அசைக்காமல் தோளிலிருந்து கையை நகர்த்துங்கள், கோடு நடுங்காது. ஒரு கோடு முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்துவதை விட்டுவிடுங்கள், மிச்சம் உள்ள அழுத்தமே அதை முடித்துவைக்கும். பானைக்குப் போகுமுன் பழைய செய்தித்தாளில் பத்து வரிசை போட்டுப் பழகுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் தாமஸ் டாஃப்ட் செய்த பெரிய தட்டுகளைப் படத்திலாவது பாருங்கள். அடர்ந்த கோடுகளின்மேல் வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்திருப்பார். ஒரு புள்ளிகூடக் கோட்டை விட்டு இறங்காது.

தட்டில் அடிப்பூச்சு இன்னும் ஈரமாக இருக்கும்போதே வேறு நிறத்தில் இணைகோடுகள் போட்டு, தட்டை மேசையில் இரண்டு முறை மெல்லத் தட்டினால் கோடுகள் அடிப்பூச்சுக்குள் இறங்கிச் சமமாகும். அப்போது ஒரு பறவை இறகின் நுனியை அவற்றின் குறுக்கே இழுத்தால் அலை அலையான வடிவம் வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் நுனியைத் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்லிப்பும் ஒரே கெட்டியில் இருந்தால்தான் இது நடக்கும்.

கீறி வரைவது, அதாவது ஸ்கிராஃபிட்டோ, வேறு மாதிரியான பொறுமை கேட்கும். மேல்பூச்சு விரலில் ஒட்டாத நிலைக்கு வந்ததும், ஆனால் காய்வதற்கு முன், கம்பி வளையத்தாலோ கூரற்ற ஊசியாலோ கீறி அடிமண்ணின் நிறத்தை வெளியே கொண்டுவர வேண்டும். ஈரம் அதிகமானால் கோட்டின் இரு பக்கமும் சேறு குவியும், காய்ந்துவிட்டால் ஓரம் நொறுங்கும். குவிந்த பிசிறை உடனே துடைக்காதீர்கள், துடைத்தால் கோட்டுக்குள் பூசிக்கொள்ளும். முழுக்கக் காய்ந்த பிறகு முகக்கவசத்தோடு மெல்லத் தட்டினால் தானாக உதிரும்.

இதைத் தலைகீழாகச் செய்தால் பதிப்பு வேலை: முதலில் பானையில் பள்ளக் கோடுகள் கீறி, அதற்குள் ஸ்லிப்பை நிரப்பி, இறுகியதும் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்தால் கோட்டில் மட்டும் நிறம் நிற்கும். 12-ஆம் நூற்றாண்டுக் கொரியக் குயவர்கள் பச்சைக் கிளேஸுக்கு அடியில் நாரைகளையும் மேகங்களையும் இப்படித்தான் பதித்தார்கள். கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கு உகந்த வழி.

காகித வெட்டு எளிது. செய்தித்தாளை வெட்டி நனைத்துப் பானையில் ஒட்டி, மேலே பூசி, பளபளப்பு போனதும் ஊசியால் ஓரத்தைத் தூக்கி உரித்துவிடுங்கள்.

டெர்ரா சிகிலாட்டா என்ற மிக நுண்ணிய ஸ்லிப் மட்டும் மேலே சொன்ன பதச் சட்டத்துக்கு விலக்கு. 1.5 கிலோ மண், 3.5 லிட்டர் தண்ணீர், 7 கிராம் சோடியம் சிலிகேட் சேர்த்துக் கலக்கி ஒரு நாள் அசையாமல் விட்டால், கனமான துகள்கள் அடியில் தங்கும். மேலே மிதக்கும் மெல்லிய பாகத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, காய்ந்த பானையிலேயே இரண்டு மூன்று மென்பூச்சாகப் பூசி, மென்துணியால் தேய்த்தால் கிளேஸ் இல்லாமலே மினுங்கும். பூச்சு அவ்வளவு மெல்லியது என்பதால் சுருக்கம் தொல்லை தருவதில்லை. 1000 டிகிரிக்கு மேலே போகப் போக மினுக்கம் மங்கும்.

சுடுவது, கிளேஸ் போடுவது

ஸ்லிப் பூசிய பானை வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். முதல் இரண்டு நாள் தளர்வாக மூடிக் காயவிடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். சூளையில் 100 டிகிரியைத் தாண்டும் வரை மிக மெதுவாகவும், மண்ணில் உள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும் 573 டிகிரியைச் சுற்றி நிதானமாகவும் ஏற்றுங்கள். குறைந்த சூட்டு வேலையில் முதல் சுடலைக் கோன் 04-க்குக் கொண்டுபோய், கிளேஸைக் கோன் 06 அல்லது 05-இல் சுடுகிறவர்கள் அதிகம். முதலிலேயே வாயுக்கள் நன்றாக வெளியேறிவிடுவதால் கிளேஸில் ஊசித் துளைகள் குறையும்.

கிளேஸ் இல்லாத ஸ்லிப், சுண்ணாம்பு பூசிய சுவர்போல மங்கித் தெரியும். முதல் சுடலில் சாம்பலாகத் தெரியும் கோபால்ட் பூச்சைப் பார்த்து மனமுடைய வேண்டாம், ஒளிபுகும் கிளேஸ் பட்டதும் நீலம் எழும்பி வரும். கிளேஸ் மெல்லியதாக இருக்கட்டும், தடித்தால் பால்போல் மூடி வரைந்ததெல்லாம் மங்கும். தண்ணீரோ உணவோ படும் பாத்திரத்தில் தாமிரம், மாங்கனீசு கலந்த ஸ்லிப்பை உள்பக்கம் பூசாமல் இருப்பதே நல்லது. ஈயம் கலந்த கிளேஸ் அறவே வேண்டாம். தாமிரம் அதிலிருந்து ஈயம் கசிவதை இன்னும் கூட்டும்.

நிறம் கிளேஸுக்குள் ஓடிக் கரைவது பழைய பிரச்சினை. 10-ஆம் நூற்றாண்டில் ஈரானின் நிஷாப்பூர், மத்திய ஆசியாவின் சமர்கண்ட் பகுதிக் குயவர்கள் நிறத்தை மண்ணோடு குழைத்து ஸ்லிப்பாக்கி எழுதினார்கள். வெள்ளைத் தட்டில் கறுப்பு எழுத்துகள் ஈயக் கிளேஸுக்கு அடியிலும் ஓரம் கலையாமல் நின்றது அதனால்தான். இன்றும் கோடு கலைகிறது என்றால் முதல் கேள்வி இதுதான்: ஆக்சைடு அதிகமா, மண் குறைவா?

சூளைக் காற்றும் நிறத்தை மாற்றும். கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் பானைகளின் கறுப்பு தனிச் சாயம் இல்லை, இரும்பு உள்ள நுண்ணிய மண்தான். சூளையில் காற்றை அடைத்தபோது பானை, பூச்சு இரண்டும் கறுத்தன. பூச்சு மட்டும் கண்ணாடிபோல் இறுகிக்கொண்டது. மறுபடி காற்றை விட்டபோது துளைகள் உள்ள பானை சிவந்தது, இறுகிய பூச்சுக்குள் காற்று போக முடியாததால் அது கறுப்பாகவே நின்றது.

எங்கே தப்பியது என்று பார்ப்பது

காயும்போதே பூச்சில் வலைபோல் விரிசல் விழுந்தால், ஸ்லிப் பானையைவிட அதிகம் சுருங்குகிறது. பூச்சு தடித்துவிட்டது, அல்லது பால் கிளே அதிகம், அல்லது பானை காய்ந்துவிட்டிருந்தது. பால் கிளேவில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கயோலினைச் சேருங்கள். அதுவும் போதாவிட்டால் கயோலினில் பாதியைச் சுட்ட கயோலினாக மாற்றுங்கள். சுட்ட கயோலின் ஈரத்தில் சுருங்குவதே இல்லை. காய்ந்த பானைக்கும் ஒருமுறை சுட்ட பானைக்கும் எங்கோப் செய்வது இந்த மாற்றத்தால்தான்.

விளிம்பிலும் கைப்பிடி மடிப்பிலும் செதிலாக உதிர்ந்தால் மூன்று சந்தேகம்: பானை சுருங்கிய அளவுக்குப் பூச்சு சுருங்கவில்லை, அல்லது கடும்பதத்தில் பூசினீர்கள், அல்லது பானைமேல் தூசியோ கை எண்ணெயோ இருந்தது. ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு, இன்னும் மென்பதத்தில் ஒரு ஓட்டில் பூசிப் பாருங்கள். அப்போதும் உதிர்ந்தால் மட்டும் கலவையைத் தொடுங்கள், பால் கிளேவைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒட்டியிருந்தும் சுட்டபின் விரலில் மாவாக வந்தால் ஃபிரிட் போதவில்லை.

பூசியவுடன் சிறு குழிகள் தோன்றினால் ஸ்லிப்பை வேகமாகக் கலக்கிக் காற்றை ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் விட்டு, வாளியைப் பக்கவாட்டில் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள்.

மிச்ச ஸ்லிப்பை மூடிபோட்ட வாளியில் மாதக்கணக்கில் வைக்கலாம். நாளாக நாளாக வாடை அடிக்கும், கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் வருவது அது, மண்ணின் பிசுபிசுப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், சோடியம் சிலிகேட்டும் கரையும் உப்புகளும் அதில்தான் இருக்கின்றன. மறுபடி கலக்கி, சலித்து, 100 மில்லி நிறுத்துப் பாருங்கள். வாளிமேல் நிறத்தின் பெயரை மட்டும் எழுதாமல் ஆக்சைடு சதவீதம், எடை, தேதி மூன்றையும் எழுதி, அதில் முக்கிச் சுட்ட ஒரு சிறு ஓட்டைத் துளையிட்டுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது வெள்ளைக்கும் இளநீலத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.